ஆலை வாசம்

பக்கத்து வீட்டு அம்மாள் தகர டப்பாவைத் திறந்து நீட்டினார். என் அம்மா ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கடிக்காமல் அப்படியே தட்டில் வைத்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்தார். வந்தவர் காலணிகளை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போன பிறகுதான் வாய் திறந்தார்.

“என்னாடி பிஸ்கோத்து இது? ஆலை நாத்தம் அடிக்குது.”

நான் அதற்குள் இரண்டாவதைத் தின்றுகொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். டிசம்பர் மாதம். தங்கைக்கு இரண்டாவது பிரசவமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. அம்மா ஆறு மாத விசாவில் வந்து, பத்தியச் சமையலும் பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலுமாக நின்றுகொண்டிருந்தார். நான் செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரத்துக்குப் போயிருந்தேன். பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்தது மொலாசஸ் குக்கீ. உள்ளங்கை அகலம், கரும்பழுப்பு நிறம், மேலே வறண்ட ஏரிபோல வெடிப்பு, வெடிப்புகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரை. அழுத்தினால் விரல் பதியும். சுக்கு, பட்டை, கிராம்பு. எல்லாவற்றுக்கும் அடியில் தொண்டைவரை இறங்கும் ஒரு கறுத்த இனிப்பு.

அம்மாவுக்கு நாற்றமாகப் பட்டது எனக்கு அப்பாவாகப் பட்டது. மாலை நான்கரை மணிக்குச் சைக்கிளிலிருந்து இறங்கி என்னைத் தூக்கிக்கொள்ளும் அப்பா. அவருடைய காக்கிச் சட்டை. அந்தச் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பேருக்கு ஒரே வாசனை எப்படி இப்படிப் பிரிந்துபோகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அம்மாவுக்கு வெளிநாட்டுப் பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தேன்.

*

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கரும்பாகுதான் மொலாசஸ். கழிவுப்பாகு என்று தமிழில் எழுதுகிறோம். ஆலையில் வேலை செய்த யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அது ‘மொலாசு’. முதல் முறை காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுவது நிறம் குறைந்தும் இனிப்பு மிகுந்தும் இருக்கும். அதையே மறுபடியும், அதற்கு மேலும் ஒரு முறை காய்ச்சி, எடுக்க முடிகிற சர்க்கரையை எல்லாம் எடுத்துவிட்டால் கடைசியில் கறுப்பும் கசப்பும் நிற்கும். அமெரிக்கக் கடைகளில் முதல் வகையை பாட்டிலில் அடைத்துச் சமையலுக்கு விற்கிறார்கள். தங்கை வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலின் பெயர் ‘கிராண்ட்மாஸ்’. பாட்டியின் பெயரில் ஒரு கம்பெனிச் சரக்கு. எங்கள் ஆலையில் இருந்தது கடைசி வகை. வீட்டளவு உயரமான இரும்புத் தொட்டிகளில் அது நின்றது. அங்கிருந்து எரிசாராயம் வடிக்கப் போனது.

நான் வளர்ந்தது சர்க்கரை ஆலை ஊரில். சங்கு ஊதுவதை வைத்து அடுப்பு பற்றவைப்பார்கள். அரவைப் பருவம் தொடங்கினால் கரும்பு வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பின்னால் ஓடிப்போய்க் கரும்பு உருவுவோம். காற்று திரும்பும்போதெல்லாம் சாறு காயும் வாசனையும், அதற்குப் பின்னாலேயே கழிவுநீர் நாற்றமும் வரும். அப்பா சாறு காய்ச்சும் பகுதியில் வேலை பார்த்தார். அவர் சட்டையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். அம்மா அவற்றைச் சோடா உப்பு போட்டு ஊறவைத்துத் துவைப்பார். திட்டு போகும், வாசனை போகாது.

அப்பா குடித்தார். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருந்தது: ‘அப்பா குடிப்பார், சத்தம் போடுவார், தூங்கிவிடுவார்.’ கல்லூரித் தோழிகளிடம் அப்படித்தான் சொன்னேன். பிற்பாடு ஒரு பத்திரிகை நேர்காணலிலும் அப்படித்தான் சொன்னேன். ஐம்பத்து நான்கு வயதில் கல்லீரல் கெட்டு அவர் செத்துப்போனார். நம் நாட்டில் விற்கிற மலிவு விலை பிராந்தியும் விஸ்கியும் பெரும்பாலும் மொலாசஸில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தவைதான். பகலில் அவர் காய்ச்சியதன் மிச்சம் சுற்றிக்கொண்டு இரவில் அவருக்குள்ளேயே போயிருக்கிறது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு சில்லறை மதுக்கடைகளையும் தானே நடத்தத் தொடங்கியபோது அப்பா கட்டிலோடு கிடந்தார். அந்தச் செய்தியை அம்மா செய்தித்தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டார்.

*

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் தங்கையின் கணவர் என்னை ஆம்ஹெர்ஸ்டுக்கு அழைத்துப்போனார். எமிலி டிக்கின்சன் வாழ்ந்த மஞ்சள் வண்ண வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். டிக்கின்சன் எழுதியவை ஏறத்தாழ 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சானவை பத்து, அவையும் பெயரில்லாமல். எனக்குத் தெரிந்த டிக்கின்சன் அதுவரை அறைக்குள் அடைந்துகிடந்த வெள்ளுடைக்காரி. ஆனால் அவர் ஊரில் அறியப்பட்டது கவிதைக்காக அல்ல, ரொட்டிக்காக. 1856இல் ஊர்ச் சந்தையில் அவருடைய ரை, மக்காச்சோள மாவு ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தெருப் பிள்ளைகளுக்கு மாடி ஜன்னலிலிருந்து கூடையில் கயிறு கட்டி இஞ்சி ரொட்டியை இறக்குவாராம். அந்த இஞ்சி ரொட்டியின் குறிப்பு கிடைத்திருக்கிறது. மாவு, வெண்ணெய், பாலேடு, சுக்கு, சோடா, உப்பு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. மொலாசஸுக்கு மட்டும் அளவு இல்லை. மாவு சேருகிறவரை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். படித்ததும் சிரித்துவிட்டேன். அதிரசத்துக்கு எவ்வளவு பாகு என்று கேட்டால் அம்மாவும் இதைத்தான் சொல்வார்: “மாவு கேக்குற அளவு.”

ஒரு கவிஞரின் கையில் மாவு ஒட்டியிருந்தது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. சமையலறைக்கு எதிராக எழுதித்தான் நான் கவிஞரானேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவை எடு என்று இருபது வயதில் மேடையில் சொன்னவள். அப்படிப்பட்டவள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் குக்கீ செய்முறை கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டது எனக்கே கூச்சமாக இருந்தது. டிக்கின்சன் அந்தக் கூச்சத்தைப் போக்கினார்.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தார். மார்கரெட் மாஹர். அயர்லாந்திலிருந்து வந்தவர். 1869இலிருந்து முப்பது ஆண்டுக் காலம் அங்கே வேலைக்காரியாக இருந்தவர். கவிதைகளைத் தைத்த சிறு ஏடுகள் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தன என்று டிக்கின்சனைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். டிக்கின்சன் ரொட்டி சுட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ரொட்டி மட்டும் சுட்டால் போதும் என்று ஆனது, மற்றதெல்லாம் யாரோ செய்ததால். பாத்திரம், சாம்பல், துணி, மூன்று வேளைச் சாப்பாடு.

திரும்பி வருகிற வழியில் அம்மாவுக்கு போன் செய்தேன். பிள்ளை தூங்கிவிட்டதா, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். “நீங்க வரட்டும்னு ரசம் வச்சிருக்கேன்” என்றார். அந்த ஊரில் அவரைப்போல நிறைய அம்மாக்களை அந்த மூன்று வாரத்தில் பார்த்தேன். பூங்காவில் கம்பளிக் குல்லாவும் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகத் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு மகளின் பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம், திரும்பிப் போய் மகனின் பிள்ளைக்கு ஆறு மாதம். மகள்களின் வேலையும் மருமகள்களின் படிப்பும் இவர்களுடைய விசா முத்திரையின் மேல் நடக்கின்றன. அந்தக் காலத்தைச் சம்பளக் கணக்கில் எழுதுவது யார்?

*

குக்கீ சொல்லித்தந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். ஒரு பழைய அட்டையை எடுத்துவந்தார். அவருடைய அம்மாவின் கையெழுத்து. வெண்ணெய்க் கறையில் பாதி அழிந்திருந்தது. மாநிலத்தின் கடலோர ஊரான மார்பிள்ஹெட்டில் இதே வகையில் ஒரு பழைய குக்கீ உண்டு என்றார். பெரியது, மொலாசஸும் ரம்மும் சேர்த்தது, மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடலுக்குக் கொண்டுபோனால் நெடுநாள் கெடாதது. அதன் பெயர் ‘ஜோ ஃபிராகர்’.

பெயர்க் காரணத்தை அன்றிரவு தேடிப் படித்தேன். ஜோ என்பது ஜோசப் பிரவுன். கறுப்பினத்தவர். அமெரிக்கப் புரட்சிப் போரில் பங்குபெற்றவர். போருக்குப் பின் மார்பிள்ஹெட்டில் ஒரு குளத்தங்கரையில் மதுவிடுதி நடத்தினார். குக்கீயைச் சுட்டவர் அவருடைய மனைவி லுக்ரேஷியா பிரவுன் என்பது அந்த ஊர் வழங்கிவரும் கதை. சுட்டவர் லுக்ரேஷியா. பெயர் ஜோவுக்கு.

லுக்ரேஷியாவின் கைக்கு மொலாசஸ் எப்படி வந்தது? கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மனிதர்கள் வெட்டி, பிழிந்து, காய்ச்சியது. நல்ல சர்க்கரை ஐரோப்பாவுக்குப் போனது. மிஞ்சிய மொலாசஸ் பீப்பாய்களில் நியூ இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே ரம் ஆனது. அந்த ரம்மில் ஒரு பங்கு மறுபடியும் ஆப்பிரிக்கக் கரைக்கு, இன்னும் மனிதர்களை வாங்கப் போனது. வெளிநாட்டு மொலாசஸுக்குக் காலனுக்கு ஆறு பென்னி வரி என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1733இல் சட்டம் போட்டது. அடுத்த சட்டம் 1764இல் வந்தது. அமெரிக்க விடுதலைப் போருக்கான கோபத்தில் இந்தப் பாகுக்கும் பங்கு உண்டு. விலை குறைவு என்பதால் ஏழை வீட்டுப் பெண்கள் இதை வைத்துத்தான் பண்டம் செய்தார்கள். பாட்டி கைப்பக்குவம் என்று இன்று நாம் கொஞ்சுகிற குக்கீயின் பிறப்பு இது.

நமக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு. பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரீஷியஸுக்குப் போனார்கள். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் போனது. பிஜித் தீவுக்கு 1879இல் தொடங்கி, தென்னிந்தியர்கள் 1903 முதல் போனார்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்பது பேரைப் பற்றித்தான் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டு. அதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன்.

*

நான் ஊர் திரும்பியபோது பெட்டியில் இரண்டு பாட்டில் மொலாசஸ் இருந்தது. துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நடுவில் வைத்திருந்தேன். அம்மா இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருந்தார். ஆளில்லாத வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவனைத் துடைத்தேன்.

அளவு இது. மைதா 280 கிராம், சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒன்றரை, பட்டைத்தூள் ஒன்று, கிராம்புத்தூள் அரை, உப்பு அரை. இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ள வேண்டும். வெண்ணெய் 170 கிராமும் பழுப்புச் சர்க்கரை 200 கிராமும் நுரைக்கக் குழைத்து, ஒரு முட்டையும் 85 கிராம் மொலாசஸும் சேர்த்து, மாவைக் கொட்டிப் பிசிறாமல் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, எலுமிச்சை அளவு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, 175 டிகிரி சூட்டில் பத்து நிமிடம்.

முதல் தடவை கல்லாக வந்தது. பத்து நிமிடம் முடிந்து பார்த்தேன். நடுவில் பச்சையாகத் தெரிந்தது. இன்னும் மூன்று நிமிடம், பிறகு இன்னும் இரண்டு. ஆறிய பிறகு மேசையில் போட்டால் சத்தம் வந்தது. அட்டையைக் காட்டியபோது அந்த அம்மாள் சொன்னதை அப்போதுதான் நினைத்தேன். வேகவில்லை என்று தோன்றும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துகொள்ளும். மொலாசஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பண்டம். சர்க்கரை மட்டும் போட்ட பிஸ்கட் மறுநாள் மொறுமொறுக்கும். இது மறுநாள்தான் இன்னும் மென்மையாகும். பாகில் இருக்கிற இலேசான புளிப்போடு சோடா சேர்ந்து பொங்கி, பிறகு அமுங்குவதால்தான் மேலே அந்த வெடிப்பு. இரண்டாவது தடவை பத்தாவது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெளியே எடுத்தேன். வந்துவிட்டது.

துறைக்குக் கொண்டுபோனேன். மாணவிகள் டப்பாவைக் காலி செய்தார்கள். “மேடம், நீங்களா செஞ்சீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். அந்த ‘நீங்களா’வில் இருந்த ஆச்சரியத்தை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெண் தானே விரும்பிச் செய்தால் சமையலும் கலைதான், கட்டாயமாகும்போதுதான் அது சிறை என்று ஒரு சிறு சொற்பொழிவு செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட ஒன்றுமில்லாமல் ஹோட்டலுக்குப் போன் செய்தபோதுதான் அந்தச் சொற்பொழிவில் ஓர் ஓட்டை இருப்பது உறைத்தது. குக்கீக்காக வீட்டில் யாரும் பசித்திருப்பதில்லை. அதனால்தான் அது எனக்கு விளையாட்டாக இருக்கிறது. சோறு அப்படி அல்ல. என் ஆய்வேட்டின் ஐந்து வருடமும், அதற்குப் பிறகு வந்த மூன்று கவிதைத் தொகுப்புகளும் அம்மா வடித்த சோற்றில் எழுதியவை. அவற்றில் ஒன்றில் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அடுப்படியில் கரிந்துபோன பெண் என்று எழுதியிருந்தேன். பல கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

*

அம்மா பிப்ரவரியில் வந்தார். வந்த வாரம், அவருக்காக என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் மாவு கலந்தேன். பாட்டிலைத் திறந்து ஊற்றியபோது அம்மா கூடத்திலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்.

“இங்கயும் கொண்டாந்துட்டியா இத?”

“அப்பா வாசன அடிக்குதில்ல?” என்றேன். ஆசையாகத்தான் சொன்னேன். சட்டை, சைக்கிள், தூக்கிக்கொள்வது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே நின்றார்.

“அது உனக்கு நாலர மணி வாசன” என்றார். “எனக்கு ராத்திரி பத்து மணி.”

பிறகு என் கையிலிருந்து மாவை வாங்கி உருட்டத் தொடங்கினார். சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. உருண்டையைத் தட்டில் வைத்து உள்ளங்கையால் இலேசாக அமுக்கினார். அதிரசம் தட்டுவதுபோலவே, இடது கை மோதிர விரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் நானும் தங்கையும் வாழையிலையில் அதிரசம் தட்டும்போது அந்த விரலைப்போலவே நீட்டிவைத்துக்கொள்வோம். அது அம்மாவின் பாணி என்று நினைத்திருந்தோம்.

“தங்கச்சி ஒன் கவிதைய அங்க படிச்சுக் காட்டுனா” என்றார் அம்மா. “ராத்திரில புள்ள தூங்காம கெடக்கும்போது. என்னயப் பத்தி எழுதுனதாமே.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை நான் அவர் கையில் கொடுத்ததே இல்லை.

“அடுப்படியிலயே கெடந்தேன்னு எழுதியிருக்க. நான் எங்கடி அடுப்படியில கெடந்தேன்? நான் கதவுகிட்டல்ல நின்னேன்.”

எங்கள் வீட்டில் ஓர் உள்ளறை உண்டு. சம்பள நாளிலும், அப்பா வர நேரமாகிற நாளிலும் அம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டு, புத்தகப் பையோடு உள்ளே அனுப்பி, “படிங்க, நான் தொறக்குறவரைக்கும் வெளிய வரக்கூடாது” என்று வெளியே தாழ்ப்பாள் போடுவார். நாங்கள் படித்தோம். நான் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கு முதலாவதாக வந்தேன். ‘சின்ன வீடுதான், ஆனால் படிப்பதற்கு எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது’ என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். வெளியே என்ன நடந்தது என்று தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரிந்த அளவுக்குமேல் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் அடுப்படியில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். என் கவிதையில் அம்மா அடுப்படிக்குப் போனது ஒருவேளை அப்படித்தான்.

“அவரு கதவத் தொறக்கணும்னு வருவாரு. புள்ளைங்களப் பாக்கணும்னுவாரு. நான் முதுகக் குடுத்துகிட்டு நின்னுக்குவேன். ஒருநா கதவத் தள்ளுனதுல வெரலு இடுக்குல மாட்டிகிச்சு.” அம்மா அடுத்த உருண்டையை எடுத்தார். “அது அப்புறம் மடங்கல.”

கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஓவனில் வைத்ததை நான் மறந்துவிட்டேன். அம்மாதான் எட்டிப் பார்த்து, “வெந்துடுச்சு போலருக்கே” என்றார்.

*

அதற்கு அடுத்த வாரம் பாரதி பாட்டு நடத்த வேண்டியிருந்தது. நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். “மேடம், இந்தப் பாட்டுல அந்தப் பொண்ணுங்க அழுதுகிட்டேதான் இருக்காங்க. ஒருத்தர்கூட எதுவும் செய்யலையா?” என்று கேட்டாள்.

இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை. பாரதியின் இரக்கம் பெரியது. அந்தப் பெண்களை யாரும் பேசாத காலத்தில் பேசிய பாட்டு அது. அதில் குறை காண நான் யார்? ஆனால் இரக்கப்படுகிறவரின் இடத்திலிருந்து பார்த்தால் அழுகைதான் முதலில் கேட்கும். நானும் என் அம்மாவை அந்த இடத்திலிருந்துதான் எழுதினேன்.

மாணவிக்குக் குந்தியைப் பற்றிச் சொன்னேன். வட இந்தியாவிலிருந்து பிஜிக்குப் போன ஒப்பந்தக் கூலிப் பெண். தனியாக ஒரு வாழைத் தோட்டத்தில் வேலைக்கு அனுப்பப்பட்ட இடத்தில் மேற்பார்வையாளன் அத்துமீற வந்தபோது, அவனிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தார். படகில் வந்த ஒரு பையன் காப்பாற்றினான். அவருடைய வாக்குமூலம் 1913இல் ‘பாரத் மித்ரா’ இதழில் வந்து, ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான குரலைப் பெரிதாக்கியது. 1920இன் தொடக்கத்தில் பிஜியில் அந்த ஒப்பந்தங்கள் முடிவுக்கு வந்தன. “ஏதோ ஒரு பெண் ஆற்றில் குதித்தாள் என்று மட்டும் எழுதியிருந்தால் அது இன்னுமோர் அழுகையாகியிருக்கும். குந்தி நடந்ததைத் தானே சொன்னார், பெயரோடு சொன்னார்” என்றேன். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். பெயரை இரண்டு முறை கேட்டு எழுதினாள்.

என் கவிதையை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “எதுக்கு எடுக்கணும்? பசங்க பரீட்ச எழுதுதுங்க” என்றார். “வேணும்னா இன்னொண்ணு எழுது.”

எழுதவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் எழுத முடிந்தது. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, விரலைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுது என்றார். அப்பா தூக்கிக்கொண்டதையும் எழுது, அதுவும் பொய்யில்லை என்றார்.

குக்கீ இன்னும் சுடுகிறோம். அம்மா ஒரு தடவைகூட மொலாசஸ் போட்டதைச் சாப்பிட்டதில்லை. போன மாதம் அவரே கேட்டார்: “இதுக்குப் பதிலா வெல்லப்பாகு வச்சா வராதா?” பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதத்துக்கு முன்பாகவே இறக்கினார். சுக்கை என் அளவைவிட இரண்டு மடங்கு இடித்துப் போட்டார். ஏலக்காயும் சேர்த்தார். நிறம் கொஞ்சம் வெளுத்தும், நடுவில் மென்மை குறைந்தும் வந்தது. மொலாசஸின் ஆழம் இல்லை. அம்மா மூன்று சாப்பிட்டார்.

நான் எனக்காகத் தனியே கொஞ்சம் மொலாசஸ் மாவும் கலந்து வைத்திருந்தேன். இரண்டாவது பாட்டிலில் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. அந்தத் தட்டை ஓவனில் வைத்ததும் வாசனை கிளம்பியது. எனக்கு அது இன்னமும் பிடித்திருக்கிறது. பிடிக்காமல் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

“கதவத் தொறந்து வையிடி. வாசன போவட்டும்.”

திறந்து வைத்தேன்.